ஒலி அட்டையும் ஒழிபளவையும்

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினி ஏறக்குறைய ஊமைப் பொறியே. சிறிய ஒலிபெருக்கி ஒன்றினாற் கூவுதலன்றி இசைத்தலும் பேசுதலும் அதற்குச் செவ்வனே இயலவில்லை. இக்குறையை நீக்க எழுந்தனவே ஒலி அட்டைகள். 1987இல் கனடாவின் அட்லிப் அட்டையும், 1989இல் சிங்கப்பூரின் கிரியேற்றிவ் நிறுவனம் ஆக்கிய சவுண்ட் பிளாஸ்ரர் அட்டையும் தோன்றின.

பழைய கணினிகளைப் பேணுவோர் இவ்வட்டைகளை இன்றும் பொருத்தி இயக்குகின்றனர். அவர்கட்கு நேரும் முதல் இடர், அட்டை பொருத்தப்பட்டிருந்தும் கணினி அதனைக் கண்டறியாமையாகும். உடனே 'இது பழுது' என எறிந்துவிடுவார் பலர். ஆயின் காணப்படாமை வேறு, கெட்டுப்போதல் வேறு. இவ்வேறுபாட்டை உணராமையால் நல்ல அட்டைகள் பல குப்பையாகின்றன. அவற்றின் உற்பத்தி நின்று நெடுங்காலமாயிற்றாதலின் இவ்விழப்பு எளிதில் ஈடுசெய்யத்தக்கதன்று.

கண்டறிதல் என்பது யாது? அது வினாவும் விடையுமாகும். சவுண்ட் பிளாஸ்ரர் அட்டையின் வழமையான முகவரி, பதினறும எண்ணில் 220. மென்பொருள் 226ஆம் வாயிலில் 1 என்னும் எண்ணை இட்டு, ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் மூன்று பங்கு நேரமேனும் பொறுத்து, பின் 0 இடும். நலமான அட்டை 22ஏ என்னும் வாயிலில் ஏஏ என்னும் குறியீட்டை விடையாக வைக்கும். விடை வாராதாயின் 'அட்டை இல்லை' என்பதே மென்பொருளின் முடிவு. வினா வேறு வாயிலுக்குச் சென்றிருப்பினும் முடிவு அதுவே. இலக்கம் மாறி எழுதப்பட்ட கடிதத்துக்கு மறுமொழி வாராமை கொண்டு, உரியவர் இறந்தார் எனத் துணிதல் பொருந்துமா?

எனவே காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கல் வேண்டும். முதலாவது தொடுகை. மின்னிணைப்பைக் கழற்றிய பின்னர், அட்டையின் விளிம்பிலுள்ள தொடுமுனைகளை மதுசாரத்தால் துடைத்து, செருகுவாயில் ஒரே சீராக அழுத்துதல் வேண்டும். வேறொரு செருகுவாயிலும் சோதித்தல் நன்று.

இரண்டாவது முகவரி. பழைய அட்டைகளில் ஜம்பர் எனப்படும் சிறு இணைப்புகளே முகவரியை வரையறுக்கும். டொஸ் இயங்குதளத்தில் 'பிளாஸ்ரர்' என்னும் மாறியில் ஏ220 ஐ5 டி1 என எழுதுவர். இவை முறையே முகவரி, குறுக்கீட்டுக் கோடு, நேரடி நினைவக வழி என்பவற்றைக் குறிக்கும். அவ்வாறு எழுதுதல் ஜம்பரை மாற்றாது. ஆதலின் எழுத்தும் ஜம்பரும் ஒத்திருத்தல் இன்றியமையாதது. தாய்ப்பலகையிலேயே ஒலியமைப்பு இருப்பின் அதுவும் இதே முகவரியைக் கோரலாம், அதனை நிறுத்துக.

மூன்றாவது, தன்னமைவு அட்டைகளின் இயல்பு. 1993இல் வகுக்கப்பட்ட இம்முறையைத் தழுவிய அட்டைகளில் முகவரி ஜம்பர்கள் இல்லை. கணினியின் தொடக்க நிரலோ தனி அமைப்பு மென்பொருளோ முகவரி வழங்கும்வரை அவை வாய்திறவா. டொஸ் இயங்குதளத்தில் அம்மென்பொருளை இயக்காதவர்க்கு, நல்ல அட்டையும் இல்லாத அட்டையாகவே தோன்றும்.

நான்காவது குறுக்கீட்டுக் கோடு. தொடக்ககால சவுண்ட் பிளாஸ்ரர் அட்டைகள் 7ஆம் கோட்டைக் கொண்டு வந்தன. முதல் அச்சுப்பொறி வாயிலுக்கும் அதுவே கோடு. 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்ரர் 16 அட்டையின் வழமையான கோடு 5. இங்குப் பிணக்கு நேரின், ஒலித்துண்டு ஒன்றே மீண்டும் மீண்டும் ஒலிப்பதுண்டு. இதனினும் தெளிவான குறி ஒன்றுண்டு. அட்டையிலுள்ள யமஹா இசைச்சில்லு 388 என்னும் வாயில் வழியே இயங்குவது. அதற்குக் குறுக்கீட்டுக் கோடும் நேரடி நினைவக வழியும் வேண்டா. ஆகவே இசை கேட்டுப் பேச்சு கேளாதாயின், அட்டை உயிருடன் உள்ளது. முதலில் ஐயுறத்தக்கன அவ்விரு அமைப்புகளுமே.

ஏனைய காரணங்களை விலக்கி எஞ்சியதைத் துணியும் இம்முறையை அளவை நூலார் ஒழிபளவை என்பர். எண்ணவேண்டிய காரணங்களுள் ஒன்று விடுபடினும் இவ்வளவை பிழைபடும் என்பதை மறத்தலாகாது. மேற்கூறிய நான்கும் விலக்கப்பட்டபின், அதே அட்டையை வேறொரு கணினியிலும் பொருத்திப் பார்த்து, அங்கும் விடை வாராதாயின் மட்டுமே பழுது என்னும் தீர்ப்பு முறையாகும். விடை இல்லையெனக் கூறுமுன் வினா சரியாகக் கேட்கப்பட்டதா என நோக்குதல் மாணாக்கர் எத்துறையிலும் கைக்கொள்ளத்தக்க நெறியாகும்.