கர்ப்பம் இல்லையென்றால் ஆபத்தும் இல்லையா?

முழு உடலுறவு நடக்காத நெருக்கத்தால் எதுவும் வராது என்று நம்புகிறவர்கள் நிறைய. கர்ப்பத்தைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மை. உடையோடு அணைப்பதால் கரு உண்டாகாது. துணியில் பட்டு உலர்ந்த விந்தணு செத்துவிடும். வாய்வழி உறவாலும் கரு தங்காது. ஈரம் காயாத விந்து யோனி வாயிலில் நேராகவோ விரல் வழியாகவோ பட்டால் மட்டும் சிறு வாய்ப்பு உண்டு. அப்படி நேர்ந்தால், சிங்கப்பூரில் அவசரக் கருத்தடை மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு வேண்டும், தாமதிக்கக் கூடாது.

தொற்றின் கணக்கு வேறு. ஹெர்பிஸ், எச்பிவி, சிபிலிஸ் மூன்றுக்கும் தோலோடு தோல் உரசினாலே போதும். உதட்டுக் கொப்புளத்தின் ஹெர்பிஸ் கிருமி வாய்வழி உறவில் பிறப்புறுப்புக்குப் போகும். கொனோரியா தொண்டையில் சத்தமில்லாமல் தங்கும். எச்ஐவியோ காயமில்லாத தோல் வழியே பரவாது. பயத்தை உரிய இடத்தில் வைக்க வேண்டும் என்பதே என் வாதம். இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பார்கள். ஆனால் சிங்கப்பூர் அரசே 2019 முதல் உயர்நிலை முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு எச்பிவி தடுப்பூசியைப் பள்ளியிலேயே இலவசமாகப் போடுகிறது. முதல் தொடுதலுக்கு முன்பே போட்டால்தான் அதற்கு முழுப் பலன். அறிவுக்கும் அதே விதிதான். லிட்டில் இந்தியாவை ஒட்டிய கிளந்தான் லேனில் பால்வினை நோய்களுக்கென்றே டிஎஸ்சி கிளினிக் இருக்கிறது. அங்கே பெயர் சொல்லாமலே எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளலாம். சந்தேகம் இருந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல் போய்ப் பாருங்கள்.