பற்றவைக்கக் கற்கும்போது

கடைவீதி வழியே நடந்து செல்கையில், பட்டறை வாயிலில் நீலமும் வெண்மையுமாக ஓர் ஒளி பளிச்சிடுவதைக் கண்டு நின்றிருப்பீர்கள். உடன் வந்த பெரியவர், "அதைப் பார்க்காதே, கண் கெட்டுவிடும்" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஆயினும், அந்தத் தொழிலைக் கற்க விரும்புகிறவன் பார்த்துத்தான் ஆகவேண்டும். எதைப் பார்ப்பது, எதன் வழியாகப் பார்ப்பது என்பதே அவனுக்கு முதற் பாடம்.

ஓட்டைக் குடத்தை ஈயப் பற்றாசால் அடைப்பதும், இரும்பை மின்சாரத்தால் பற்றவைப்பதும் ஒன்றல்ல. பற்றாசு வைக்கும்போது குடம் உருகுவதில்லை. இடையில் இடும் ஈயமே உருகி ஒட்டுகிறது. பற்றவைப்பிலோ இணைக்கப்படும் இரு துண்டுகளின் விளிம்புகளும் உருகி, ஒன்றோடொன்று கலந்து, ஒரே இரும்பாக உறைகின்றன. இரும்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1,538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கம்பியின் நுனிக்கும் தகட்டுக்கும் இடையே காற்றில் பாயும் மின்வில் அதனினும் மிகுந்த வெப்பத்தை ஒரு சிறு புள்ளியிலே குவித்துவிடுகிறது. 1880-களில் ருஷ்ய நாட்டுப் பெனார்டோஸ் கரிக்கம்பியைக் கொண்டு இதனைச் செய்து காட்டினார். பின்னர், சுவீடனைச் சேர்ந்த ஆஸ்கர் செல்பெர்க் உலோகக் கம்பியின்மேல் ஒருவகைப் பூச்சு இட்டார். நம் பட்டறைகளில் 'வெல்டிங் ராடு' என வழங்குவது அந்தப் பூச்சுக் கம்பியின் வழிவந்ததே. பூச்சு எரிந்து வாயுவாகி, உருகிய இரும்பைக் காற்று தீண்டாமல் காக்கிறது. எஞ்சியது கசடாக மேலே படிந்து போர்வையாகிறது.

கற்பவன் 6 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டுத் துண்டுகளையும் 3.15 மில்லிமீட்டர் கம்பியையும் எடுத்துக்கொள்வது நலம். ஏறத்தாழ 100 ஆம்பியர் மின்னோட்டம் போதும். துருவையும் வண்ணப் பூச்சையும் தேய்த்து நீக்கிவிடவேண்டும். தீக்குச்சியைக் கிழிப்பதுபோலக் கம்பியின் நுனியைத் தகட்டில் உரசி, உடனே சிறிது தூக்கினால் மின்வில் தோன்றும். தூக்கத் தாமதித்தால் கம்பி தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதிகம் தூக்கினால் ஒளி அணைந்துவிடும். முதல் நாள் முழுவதும் இவ்விரண்டுமே மாறி மாறி நிகழும். அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

உண்மையான இடர் அதன் பின்னரே தொடங்குகிறது. கம்பி எரிந்து குறுகிக்கொண்டே வருகிறது. எனவே கையைத் தகட்டை நோக்கித் தாழ்த்திக்கொண்டே, இணைப்பின் வழியே நகர்த்தவும் வேண்டும். இடைவெளியோ ஏறத்தாழக் கம்பியின் பருமன் அளவே இருக்கவேண்டும். இதற்குச் செவி நல்ல துணை. இடைவெளி சரியாக இருந்தால் வாணலியில் அப்பளம் பொரிவது போன்ற சீரான ஓசை கேட்கும். மிகுந்தால் ஓசை சிதறி, தீப்பொறிகளும் சிதறும்.

கண் எங்கே இருக்கவேண்டும்? புதியவன் ஒளியையே பார்க்கிறான். தேர்ந்தவனோ ஒளிக்குக் கீழே தளதளக்கும் சிறு இரும்புக் குளத்தைப் பார்க்கிறான். அது இரு துண்டுகளின் விளிம்புகளையும் நனைத்துக்கொண்டு செல்கிறதா, கசடு அதனை முந்தி ஓடுகிறதா என்று கவனித்து, அதற்கேற்பக் கையின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறான். குளத்தைப் பாராமல் விரைந்தால், உருகிய கம்பி தகட்டின்மேல் கயிறு கிடப்பதுபோல் கிடக்கும். உள்ளே இணைப்பே இராது. பார்வைக்கு அது அழகாகவும் இருக்கக்கூடும்! அதுதான் இத்தொழிலின் வஞ்சகம்.

கருங்கண்ணாடி பொருத்திய முகக்கவசம் இன்றி ஒரு நொடியும் இக்குளத்தைப் பார்க்கலாகாது. கண்ணாடியின் கருமை எண் 10 அல்லது 11 ஆக இருக்கட்டும். வெயிற்கண்ணாடி பயன்படாது. கற்கத் தொடங்கிய நாளில், கம்பியைச் சரியான இடத்தில் வைப்பதற்காக நான் கவசத்தைச் சற்றே விலக்கி விலக்கிப் பார்த்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நள்ளிரவில் கண்ணுக்குள் மணலை வாரி இறைத்ததுபோல் எரிச்சல். விடியும்வரை உறக்கம் இல்லை. புற ஊதாக் கதிர்கள் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிடுகின்றன. வலியோ பல மணி நேரம் கழித்தே தோன்றும். இரண்டொரு நாளில் அது ஆறியது என் நல்வாய்ப்பு. தோல் கையுறையும் பருத்தி உடையும் அணிய வேண்டும். நைலான் உடை உருகி உடலோடு ஒட்டும். துத்தநாகம் பூசிய தகட்டைச் சுட்டால் எழும் வெண்புகை காய்ச்சலைத் தரும். அதைப் பழகுவோர் தொடவேண்டாம்.

இத்தனை கவனமும் எதற்கு என்று வினவலாம். 1943 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில், பற்றவைத்துக் கட்டப்பட்ட ஸ்கெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல், அமைதியான நீரில் துறையில் நின்றபோதே நடுவில் பிளந்தது. குளிரில் நொறுங்கும் எஃகோடு, பற்றவைப்பில் இருந்த குறைகளும் அதற்குக் காரணமாயின.

ஆகவே, கசடைத் தட்டி நீக்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. தட்டும்போது கண்ணுக்குத் தெளிந்த கண்ணாடி வேண்டும். சூடான கசடு தெறிக்கும். பழகும்போது ஒரு தகட்டின்மேல் மற்றொன்றை நிமிர்த்தி, ஒரு பக்கம் மட்டும் பற்றவையுங்கள். அதை வைஸில் இறுக்கிப் பிடித்து, பற்றவைத்த பக்கமாகவே சாயும்படி சுத்தியலால் அடித்து முறியுங்கள். முறிந்த இடத்தில் தகட்டின் பழைய விளிம்பு உருகாமல் நேர்கோடாகத் தெரிந்தால் இணைப்புப் பிடிக்கவில்லை. கருத்த திட்டுகள் தெரிந்தால் கசடு சிக்கியிருக்கிறது. வேறு இரண்டு துண்டுகளை எடுத்து, துருவைத் தேய்த்துவிட்டு, மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.