பாதை மறைந்தால் என்ன செய்வீர்கள்?

தண்டலம் வழியாக நீங்கள் போயிருப்பீர்கள். சென்னையிலிருந்து பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் சாலையில் ஸ்ரீபெரும்புதூரை நோக்கிச் செல்லும்போது வருகிற ஊர். தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள், புத்தம் புதிய கார்களை வயிற்றில் அடக்கிக்கொண்டு ஊர்ந்து போகும் நீண்ட லாரிகள், தலைக்கு மேலே அம்புக்குறி போட்ட பச்சைப் பலகைகள்! ‘இந்த ஊரில் ஒருவர் வழி தப்ப வேண்டுமானால் அதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டும்’ என்று நினைத்துக் கொண்டேன். அந்த நினைப்பு எவ்வளவு தவறு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதே சாலையில் இன்னும் சற்று தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூர். 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த தலம். அவருடைய வாழ்க்கையிலேயே வழி தப்பிய கதை ஒன்று உண்டு. குரு யாதவப் பிரகாசருடன் காசி யாத்திரை புறப்பட்டபோது, தம் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்பதைத் தம்பி முறையுள்ள கோவிந்தன் மூலம் தெரிந்துகொண்டு, விந்தியக் காட்டில் தனியே விலகிவிட்டார். திக்குத் தெரியாத காடு. துணைக்கு ஆள் இல்லை. அப்போது ஒரு வேடனும் வேடுவச்சியும் வந்து அவரை அழைத்துச் சென்றார்கள். மறுநாள் காலையில் வேடுவச்சிக்குத் தாகம் என்று அருகிலிருந்த கிணற்றிலிருந்து நீர் மொண்டு வந்தார். அப்புறம் பார்த்தால் அவர்களைக் காணோம். எதிரே காஞ்சிபுரத்துக் கோயில் கோபுரம் தெரிகிறது! வந்தவர்கள் வரதராஜரும் பெருந்தேவித் தாயாருமே என்பது வைஷ்ணவ மரபு. அந்தச் சாலைக் கிணற்றை இன்றும் காட்டுகிறார்கள்.

ராமானுஜருக்கு வேடன் வந்தான். நமக்கும் வருவான் என்று நம்பிக் காட்டுக்குள் போகலாமா?

நம் வீட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு நாள் லீவு கிடைத்தால் போதும். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மலையேறக் கிளம்பிவிடுகிறார்கள். பெண்களும் நிறையப் போகிறார்கள். நல்ல விஷயந்தான். ஆனால் 2018 மார்ச் 11-ஆம் தேதியை மறந்துவிட முடியுமா? தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்வெளியில் தீ சூழ்ந்து கொண்டது. புகையில் திசை தெரியாமல் சிதறி ஓடினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். அவர்களில் சென்னையிலிருந்து போன இளம் பெண்கள் பலர்.

மலைப் பாதை நம் தெருவைப் போன்றதல்ல. மனிதர் நடந்த தடத்தோடு மாடு நடந்த தடமும் யானை நடந்த தடமும் வந்து கலக்கும். மழைக்காலத்தில் புல் மூடிவிடும். இலையுதிர்ந்தால் சருகு மூடிவிடும். பாறை மீது காலடி பதியவே பதியாது. ‘நேராகப் போய்க்கொண்டே இருந்தால் எங்கேயாவது ஊர் வராதா?’ என்று கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது சங்கடம்! மனிதனால் நேராக நடக்க முடியாது.

2009-இல் ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தார் இதைப் பரிசோதித்தே பார்த்துவிட்டார்கள். காட்டிலும் சஹாரா பாலைவனத்திலும் ஆட்களை விட்டு, நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரிந்தபோது ஓரளவு நேராக நடந்தார்கள். காட்டில் மேகம் மறைத்தபோது, தாங்கள் நேரே போவதாக நினைத்துக்கொண்டே வட்டம் போட்டு, நடந்த தடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலோ கேட்க வேண்டாம். சிலர் 20 மீட்டர் அகல வட்டத்துக்குள்ளேயே சுற்றினார்கள்! ஒரு கால் சற்று நீளமாக இருப்பதால் இப்படி ஆகிறது என்று சொல்வதுண்டு. அதுவும் இல்லையாம். ஒரே ஆசாமி ஒரு தடவை வலப்புறமும் மறு தடவை இடப்புறமும் வளைந்தார்.

அமெரிக்காவில் அப்பலேச்சியன் பாதை என்று ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளம். வழி நெடுக மரங்களில் வெள்ளை வண்ணத்தில் பட்டை அடித்திருக்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டை தெரிந்தால், ‘திருப்பம் வருகிறது, கவனி’ என்று அர்த்தம். இவ்வளவு ஏற்பாடு இருந்தும் 2013 ஜூலையில் 66 வயது அம்மாள் ஒருவர் அங்கே காணாமற் போனார். இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டுச் சற்றே உள்ளே போனவருக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை. கணவருக்குச் செல்போனில் செய்தி அனுப்பிப் பார்த்தார். சிக்னல் இல்லாததால் ஒன்றும் போய்ச் சேரவில்லை. சிக்னலைத் தேடி மேடான இடத்துக்கு ஏறி, அடர்ந்த மரங்களின் கீழே கூடாரம் போட்டுக்கொண்டார். தேடி வந்தவர்களின் கண்ணில் அது படவே இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்து நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். ‘என் உடலைக் கண்டெடுப்பவர்கள் என் கணவருக்கும் மகளுக்கும் தெரிவியுங்கள்’ என்று அதில் வேண்டிக் கொண்டிருந்தார். 2015 அக்டோபரில்தான் கண்டுபிடித்தார்கள். பாதையிலிருந்து அந்த இடம் இரண்டு மைல்கூட இல்லை!

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. ஏனென்றால் இது குறிப்பாக நாம் யோசிக்க வேண்டிய விஷயம். ஆண்கள் பாதை ஓரத்திலேயே ஒதுங்கிவிடுவார்கள். நாமோ கூச்சப்பட்டுக்கொண்டு, இன்னும் நாலடி, இன்னும் பத்தடி என்று உள்ளே போவோம். இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள். கூட வரும் பெண் ஒருத்தியிடம் சொல்லி, அவளைப் பாதையிலேயே நிறுத்திவிட்டுப் போங்கள். அவளுடைய குரல் காதில் விழும் தூரத்துக்கு அப்பால் போகவே வேண்டாம். பையிலே ஒரு விசில் இருந்தால் இன்னும் சிலாக்கியம்.

மற்ற யோசனைகளையும் கேளுங்கள். நடக்கும்போது அடிக்கடி பின்னால் திரும்பிப் பாருங்கள். போகும்போது தெரிகிற மலை வேறு. திரும்பும்போது தெரிகிற மலை வேறு. பார்த்து வைத்த பாறையும் மரமும் திரும்புகையில் கை கொடுக்கும். அடையாளம் எதுவும் தென்படாமல் கொஞ்ச தூரம் நடந்துவிட்டதாகத் தோன்றினால், ‘முன்னாலே இருக்கும்’ என்று மேலே போக வேண்டாம். கடைசியாக நிச்சயம் தெரிந்த அடையாளத்துக்கே திரும்பி வந்து, அங்கிருந்து மறுபடி பாருங்கள். செல்போனில் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் நாம் நிற்கும் இடத்தை அது காட்டும். பாட்டரி தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது. ஆகவே படம் எடுத்துத் தள்ளாதீர்கள்!

அப்படியும் வழி தப்பிவிட்டதா? முதலில் உட்காருங்கள். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். பதற்றத்தில் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் தேடி வருகிறவர்களிடமிருந்து நம்மை விலக்கிக்கொண்டு போகும். திரும்பும் தடம் நிச்சயமாகத் தெரியாவிட்டால் இருந்த இடத்திலேயே இருங்கள். அருகில் திறந்தவெளி இருந்தால், பளிச்சென்ற துப்பட்டாவை அங்கே விரித்து வையுங்கள். மும்மூன்று முறையாக விசில் ஊதுங்கள். 112-ஐக் கூப்பிட்டுப் பாருங்கள்; பேச்சு எட்டாத இடத்திலும் சில சமயம் எழுத்துச் செய்தி போய்ச் சேரும். ஓடையோடு இறங்கினால் ஊர் வரும் என்பார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடை பல இடங்களில் செங்குத்துப் பாறையிலிருந்து அருவியாக விழுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலானது துணை. இலங்கையில் கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகும் நம் மக்களைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியில் புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடக்கிறார்கள். உகந்தைக்கு அப்பால் குமுக்கன் ஆற்றைக் கடந்து, யானையும் கரடியும் திரியும் யால காட்டுக்குள் போக வேண்டும். அந்தக் காட்டுப் பாதையை ஆண்டில் சில நாட்களுக்கு மட்டுமே திறந்து விடுகிறார்கள். பாட்டிமார்கூடப் போகிறார்கள், ஆனால் கூட்டமாக, முன்பு போய் வந்தவர்களின் பின்னால்தான் போகிறார்கள். நம் தமிழக அரசும் 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள். அந்தந்த மலையை அறிந்த உள்ளூர்க்காரர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். காட்டுத்தீக் காலத்தில் தடங்களை மூடிவிடுவதும் உண்டு. மூடியிருந்தால் வீட்டிலே இருங்கள். மலை எங்கேயும் ஓடிப் போய்விடாது.

அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. ‘போகாதே’ என்று சொன்னால் பிள்ளைகள் சொல்லாமல் போவார்கள். அதைவிட, எந்த மலை, எந்தத் தடம், யார் துணை, எத்தனை மணிக்குக் கீழே இறங்குவார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மணிக்குத் தகவல் வராவிட்டால் எங்கே தேடச் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தாளில் இருக்கும்.

சரி, தண்டலத்துக்கு வருவோம். வந்த வேலையை முடித்துக்கொண்டு, மாலையில் பூந்தமல்லி பஸ்ஸுக்காகச் சாலையோரம் நின்றேன். அரை மணியாயிற்று. பஸ்கள் வந்தன, ஒன்றிலும் பூந்தமல்லி என்று போடவில்லை. தலைக்கு மேலே இருந்த பச்சைப் பலகையை நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்கேம்மா போவணும்?” என்று கேட்டாள். சொன்னேன்.

“அதுக்கு இந்தப் பக்கம் நின்னா விடிஞ்சிரும். பூந்தமல்லி வண்டியெல்லாம் எதிர்ப் பக்கம் வரும். வா, நான் ரோடு தாண்டி விடறேன்” என்று கூடையை அங்கேயே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.