ஊர்ப் பெயர் இல்லாத முகவரி!

குட்டீஸ்! எல்லையில் இருக்கும் ராணுவ வீரருக்கு வீட்டிலிருந்து போகும் கடிதத்தில் ஊர்ப் பெயர் இருக்காது, தெரியுமா? பெயர், படைப்பிரிவு, '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.', 9ல் தொடங்கும் பின்கோடு... அவ்வளவுதான்! படை இருக்கும் இடம் எதிரிக்குத் தெரியக்கூடாதே! 56 என்றால் டில்லிக்கும், 99 என்றால் கோல்கட்டாவுக்கும் போகும். அங்கிருந்து ராணுவ அஞ்சல் படையினர் உரிய இடத்துக்கு அனுப்புவர்.

அப்பா எங்கே என்று வீட்டாருக்கே சரியாகத் தெரியாத நாட்களும் உண்டு. போன் வராவிட்டால் அம்மா முகம் வாடும். பிள்ளைகளோ பல் விழுந்தது, கணக்கில் நூறு வாங்கியது என எல்லாவற்றையும் எழுதி அனுப்புவர்.

உங்கள் வகுப்பில் அப்படி ஒரு நண்பனோ, தோழியோ இருந்தால், "அப்பா எப்போ வருவார்?" என்று கேட்காதீர்கள், அது அவர்களுக்கே தெரியாது. "லெட்டர்ல என்ன எழுதின?" என்று கேளுங்கள். ஆசையாகச் சொல்வார்கள்!