முகம் தூக்கிய உழைப்பாளி: சோவியத் சரிவும் ஒரு சித்திர மாணவனும்

பாம்பனுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கடற்கரைக் கிராமத்தில் அப்பாவின் டீக்கடைக்கு வந்த ஒரே வழவழப்பான காகிதம் 'சோவியத் நாடு' பத்திரிகைதான். கடையில் எல்லோரும் பார்த்து முடித்தபின் அது எங்கள் பாடப் புத்தகங்களுக்கு அட்டையாகும். உள்ளே அக்பரும் அசோகரும் இருப்பார்கள். வெளியே கோதுமை வயலில் முகத்தை வானம் நோக்கித் தூக்கிய ஒரு பெண் நிற்பாள். நான் முதன்முதலில் பார்த்து வரைந்த மனித முகம் அவளுடையது, என் அம்மாவுடையது அல்ல. இது ஏன் என்று விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வல்லரசு சரிய வேண்டியிருந்தது.

1

1987இல் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். பெட்டியில் இருந்தவை மாஸ்கோவிலிருந்து தமிழில் அச்சாகி வந்த முன்னேற்றப் பதிப்பக, ராதுகா புத்தகங்கள். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகச் சல்லிசான விலைக்குக் கிடைத்தவை. ஊர்த் தோழர்கள் வழியனுப்பும்போது ஓர் எச்சரிக்கையும் சொன்னார்கள்: "அங்கெ போயி கோடு கோடாக் கிறுக்காதப்பா. அதெல்லாம் அமெரிக்கச் சரக்கு. சனத்துக்குப் புரியுற மாதிரி வரை."

கல்லூரியிலோ பணிக்கர் வழி வந்த, கோட்டையும் குறியீட்டையும் முதன்மைப்படுத்திய மரபு வலுவாக இருந்தது. அவர் முன்னின்று 1966இல் தொடங்கிய சோழமண்டலம் எங்களுக்கு ஒரு கனவு. நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். அப்போது ஒரு சீனியர் காட்டிய புத்தகத்தில் மாலெவிச்சின் கறுப்புச் சதுரத்தைப் பார்த்தேன். ஆண்டு 1915. அடுத்து தாத்லின், மூன்றாம் அகிலத்துக்காக 1919-20இல் வடிவமைத்து, மாதிரியோடு நின்றுபோன கோபுரம். ஊர்த் தோழர்கள் சொன்ன 'அமெரிக்கச் சரக்கு' ரஷ்யாவில் புரட்சியை ஒட்டியே விளைந்திருக்கிறது!

பிறகு என்ன நடந்தது? 1932 ஏப்ரலில் கட்சி ஓர் ஆணையின் மூலம் தனித்தனிக் கலை, இலக்கியக் குழுக்களைக் கலைத்தது. 1934இல் எழுத்தாளர் மாநாட்டில் சோசலிச யதார்த்தவாதம் அதிகாரபூர்வக் கோட்பாடானது. யதார்த்தம் என்பது உள்ளதைக் காட்டுவது அல்ல, வரப்போவதை வந்துவிட்டதாகக் காட்டுவது என்றானது. உழைப்பாளியின் முகம் மேல்நோக்கித் திரும்பியது இதனால்தான். அவன் பார்ப்பது எதிர்காலத்தை. எங்கள் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது இந்த முகம் மட்டுமே. மாலெவிச் வழியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டார்.

மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைப் பலமுறை வரைந்திருக்கிறேன். 1959இல் நிறுவப்பட்டது அது. நான்கு ஆட்கள் பாறையை நகர்த்துகிறார்கள். அவர்கள் வானத்தைப் பார்க்கவில்லை; உடம்பு முழுக்கப் பாறையோடு இருக்கிறது. மாஸ்கோவில் இருந்து வந்த முகத்துக்கும் இந்த உடம்புகளுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது கண்ணில் பட்டது. அதன் அர்த்தம் படவில்லை.

2

1989 நவம்பர் 9இல் பெர்லின் சுவர் திறந்தது. விடுதியில் சிலர் சிரித்தார்கள், சிலர் பேசவே இல்லை. அடுத்த மாதம் வேறொரு செய்தி வந்தது. கேரளத்துச் சிற்பி கே.பி. கிருஷ்ணகுமார் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1987இல் பரோடாவில் 'கேள்விகளும் உரையாடலும்' என்ற கண்காட்சியோடு வெளிப்பட்ட ராடிக்கல் ஓவிய சிற்பிகள் குழுவின் மையம் அவர். கலை விற்பனைச் சரக்காவதை எதிர்த்த, இடதுசாரி நம்பிக்கையில் ஊன்றிய அக்குழு அவருக்குப் பின் கலைந்தது. இரண்டு நிகழ்ச்சிகளையும் காரண காரியமாக முடிச்சுப் போடுவது அபத்தம். ஆனால் 20 வயது மாணவனுக்கு அவை ஒரே குளிர்காலத்தில் வந்தன.

1990 ஜூனில் இலங்கையில் மீண்டும் போர். அந்த விடுமுறையில் ராமேஸ்வரம் கரையில் படகு படகாக வந்து இறங்கிய சனத்தைப் பார்த்தேன். மண்டபம் முகாம் நிரம்பி வழிந்தது. ஸ்கெட்ச் நோட்டோடு போனேன். நனைந்த துணி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சியை வரையத் தொடங்கினேன். என்னை அறியாமலே அவர் மோவாயைச் சற்று மேலே தூக்கிப் போட்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"இது ஆர் தம்பி?"

"நீங்கதான் ஆச்சி."

"நான் இப்பிடி இல்லை. இதை ஆருக்குக் காட்டப் போறீர்?"

பதில் இல்லை. பிரதிநிதித்துவம் பற்றி அதன்பின் நான் படித்த கட்டுரைகளில் பாதி, ஆச்சியின் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு விரிவுரைதான். யாரை வரைகிறோமோ அவருக்கு அந்தப் படத்தில் என்ன பாத்தியதை? 'மக்கள்' என்று ஒற்றை முகம் போட்டபோதே எத்தனை முகங்களை அழித்தோம்?

3

1991 ஆகஸ்ட் 22 இரவு மாஸ்கோவில் ட்ஸெர்ஜின்ஸ்கி சிலையைக் கிரேன் வைத்து இறக்கினார்கள். அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்த அப்பா, "செலைய எறக்குனா பசி எறங்கிருமாடா?" என்று மட்டும் கேட்டார். டிசம்பரில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. பத்திரிகை நின்றது. கடையில் லெனின் படம் அப்படியே இருந்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் நம் பொருளாதாரமும் சந்தைக்குத் திறந்துவிடப்பட்டது. பெருங்கதையாடல்கள் முடிந்துவிட்டன என்று சிறுபத்திரிகைகளில் எழுதப்பட்டபோது, மண்டபம் முகாமின் கதை முடியாமல் இருந்ததையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரசு வகுத்த யதார்த்தம் போய்ச் சந்தை வகுக்கும் யதார்த்தம் வந்தால், ஆச்சியின் கேள்விக்கு அதில் மட்டும் இடம் இருக்குமா?

ஆக, சரிந்தது எது? எதிர்காலத்தின் பெயரால் நிகழ்கால முகத்தைத் திருத்தும் உரிமை. சரியாதது, உழைப்பவரைப் பார்க்க வேண்டிய கடமை. இதற்கான சான்று அந்தப் பழைய பெட்டியிலேயே இருந்தது. ஐத்மாத்தவின் 'ஜமீலா'வில் கதை சொல்பவன் ஓர் ஓவியன். ஊரை விட்டுப் போகும் இருவரைத் தான் வரைந்த படத்திலிருந்து பேசத் தொடங்குகிறான். ஊர் துரோகம் என்றதை அவன் திருத்தாமல் பார்த்து வைத்திருக்கிறான். அதுவும் சோவியத் புத்தகம்தான். நாங்கள் அட்டைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

1992இல் படிப்பை முடித்து ஊருக்கு வந்ததும் அம்மாவை வரைந்தேன். கடல்பாசி எடுத்துவிட்டு வந்து, விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார். "மூஞ்சி நான் மாதிரி இல்ல. கை நம்ம கைதான்" என்றார். ஐந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. முகத்தை இன்னும் வரைந்துகொண்டிருக்கிறேன்.