கரியமிலவாயுக் கணக்கும் நம் கழனியும்

சங்கத்துப் பேரேட்டில் வரவு, செலவு, இருப்பு எனும் இனங்கள் இருப்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். நாடுகளும் இன்று அவ்வண்ணமே ஒரு கணக்கு எழுதி வருகின்றன. காற்றில் கலந்து வெப்பத்தைத் தேக்கும் கரியமிலவாயுவும் அதனையொத்த பிற வாயுக்களும் எவ்வளவு என்பதே அக்கணக்கு. அவை மிகுந்தால் வெப்பம் மிகும். மழையின் பருவமும் அளவும் பிறழும். ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் உத்திரமேரூர் வட்டாரத்திற்கு இஃது அயலார் விஷயம் அன்று.

2024 டிசம்பரில் இந்திய அரசு ஐக்கிய நாடுகள் சபையிடம் அளித்த அறிக்கையின்படி, 2020ஆம் ஆண்டில் நம் நாடு வெளியிட்டது 295.9 கோடி டன். பிற வாயுக்களையும் கரியமிலவாயுவின் அளவாக மாற்றிக் கூட்டிய தொகை இது. இதில் எரிசக்தியின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு 76. வேளாண்மையின் பங்கு 14. எஞ்சியவை தொழிற்சாலைச் செய்முறைகளுக்கும் கழிவுகளுக்கும் உரியவை. காடுகளும் பிற நிலங்களும் 52.2 கோடி டன்னைத் திரும்ப ஏற்றுக்கொண்டன. ஆகவே நிகரத் தொகை 243.7 கோடி டன்.

“நூற்றுக்கு 14 தானே நம்முடையது” என்று உழவர் கருதக்கூடும். கணக்கைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். அசைபோடும் கால்நடைகள், நீர் தேங்கிய நெல்வயல், தழைச்சத்து உரம் ஆகியவையே அந்த 14இல் பெரும்பகுதி. கிணற்று மோட்டாருக்கு வரும் மின்சாரமோ எரிசக்தி இனத்தில் சேர்கிறது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. எனவே தேவைக்கு மிஞ்சி இறைக்கும் நீர் இரண்டு இனங்களிலும் செலவாகப் பதிவாகிறது.

நீர் தேங்கிய சேற்றில் காற்று புகாது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் பொருளை மீத்தேன் வாயுவாக்குகின்றன. எடைக்கு எடை அது கரியமிலவாயுவினும் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பம் விளைப்பது. பரிகாரம் எளிது. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே அரையடி இறங்கிய பின்னரே மறுபடி பாய்ச்சுவதாம். நட்ட முதல் இரு வாரங்களிலும் பூக்கும் தருணத்திலும் மட்டும் நீர் நிற்க வேண்டும். முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாது. மீத்தேன் ஏறத்தாழப் பாதியாகும். நீரும் கணிசமாக மிஞ்சும். வயல் காயும்போது உரம் மிகுந்தால் நைட்ரஸ் ஆக்ஸைடு பெருகுமாதலால், யூரியாவை அளவோடு பகுத்திடுக. சம்பாவின் அடைமழையில் இம்முறை கைகொடாது. நவரைக்கும் சொர்ணவாரிக்கும் ஏற்றது.

பாசன மின்சாரத்திற்குக் கட்டணம் இல்லை என்பது மெய்யே. ஆனால் நீர் இறங்கியபின் கிணற்றை ஆழப்படுத்த வாங்கும் கடனுக்கு வட்டி உண்டன்றோ?

கைத்தறி மின்விசையை வேண்டாதது. நெசவாளர் அதனால் பெருமை கொள்ளலாம். எனினும் சாயத் தொட்டிக்கு எரிக்கும் விறகு, மறுபடி நடப்படாத மரத்தினுடையதாயின், அது காட்டுக் கணக்கில் நஷ்டமே. மரம் என்பது வைப்புத்தொகை. வெட்டி எரித்த அன்றே அது திரும்பப் பெறப்பட்டதாகும்.

பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்ச் சபை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என நீருக்கும் தோட்டத்திற்கும் தனித்தனியே குழுக்களை வைத்திருந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. ஒரு மடையில் பாயும் வயல்களை ஒருவர் மட்டும் காயவிட முடியாது. மடைக்காரர் அனைவரும் கூடி முறை வகுத்தாலன்றி இது நடவாது. வரும் நவரைக்கு முன் ஒவ்வொரு சங்கமும் தன் பொதுக்கூட்டத்தில் இதனை ஆலோசித்து, ஒரு மடையிலேனும் சோதித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.