கடல் கடந்த குடித்தனம்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தார் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கோறணமேந்து என்று நம் முன்னோர் சொன்னது அரசாங்கத்தையே ஆகும். அந்த அரசாங்க உத்தியோகத்தைத் தேடி மலாயாவுக்குக் கப்பலேறிய ஆடவரைப் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த கல்வீடுகளையும் கண்டிருக்கிறோம். ஆனால் அவர்களுக்குப் பின்னே, தகரப் பெட்டியொன்றும் இடுப்பிலே குழந்தையொன்றுமாகக் கடல் கடந்த பெண்களைப் பற்றி நாம் கேட்டது மிகக் குறைவு. இவ்வாரம் அவர்களுடைய கதையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

அரசு ஒருவனை அயல்நாட்டுப் பணிக்கு அனுப்பும்போது அவன் மனைவி என்ன செய்வது? இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியப் படையொன்று கடல் கடந்து செல்லும்போது, ஏறத்தாழ நூறு வீரருக்கு ஆறு மனைவியரே உடன்செல்ல இசைவு பெற்றனர். எந்த ஆறு பேர் என்பதைத் தீர்மானிக்கத் திருவுளச்சீட்டுப் போட்டார்கள். "போகலாம்" என்ற சீட்டு வந்தவள் கப்பலேறினாள். "போகக் கூடாது" என்ற சீட்டு வந்தவள் கைக்குழந்தையுடன் துறைமுகத்தில் நின்றாள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின், 1946ஆம் ஆண்டு ஏப்ரலில், ஜெர்மனியில் நின்ற அமெரிக்கப் படையினரின் மனைவி மக்கள் முதன்முதலாகக் கப்பலில் அங்கு சென்றிறங்கினர். வீரனுக்கும் குடும்பம் உண்டு என்பதை அரசுகள் உணர்வதற்கு அத்துணைக் காலம் சென்றது.

நம் பெண்களுக்கு அரசாங்கம் சீட்டுப் போடவில்லை. அவர்களுடைய சீட்டு வீட்டுக்குள்ளேயே போடப்பட்டது.

மலாயாவின் முதலாவது றெயில் பாதை 1885ஆம் ஆண்டில் தைப்பிங் நகருக்கும் போர்ட் வெல்ட் துறைக்கும் இடையே திறக்கப்பட்டது. அதனை அமைக்க இலங்கைப் பயனியர் படைப்பிரிவினர் அழைத்துச் செல்லப்பட்டனர். அதன்பின் றெயில்வே, நில அளவை, பொதுவேலை, தபால், வைத்தியம் ஆகிய பகுதிகள் விரிந்தன. ஆங்கிலம் எழுதவும் கணக்கு வைக்கவும் தெரிந்த இளைஞர் அங்கே வேண்டப்பட்டனர். யாழ்ப்பாணத்திலோ மிஷன் பாடசாலைகளும் சைவப் பாடசாலைகளும் அத்தகைய இளைஞரை ஆண்டுதோறும் உருவாக்கிக்கொண்டிருந்தன. மழையை நம்பிய சிறு நிலமோ அவர்கள் எல்லோருக்கும் சோறிடப் போதவில்லை. ஆகவே மானிப்பாய், உடுவில், வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை முதலிய ஊர்களிலிருந்து அண்ணன் போக, அவன் பின் தம்பி போக, மைத்துனனும் போனான்.

முதலிற் சென்றவர்கள் தனியாகவே சென்றனர். பலர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, சமையலையும் செலவையும் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்தனர். சில ஆண்டுகள் கழித்து நீண்ட விடுமுறை கிடைக்கும். ஊருக்கு வருவார்கள். சாதகம் பார்க்கப்படும், சீதனம் பேசப்படும், தாலி கட்டப்படும். விடுமுறை முடியும் நாளில்தான் அந்த வினா எழும்: பெண் போவதா, நிற்பதா?

நிற்க வேண்டும் என்பதற்கு வலிய காரணங்கள் இருந்தன. வயது முதிர்ந்த மாமனார் மாமியாரைப் பார்க்க ஆள் வேண்டும். தோட்டமும் பனங்காணியும் கவனிப்பாரற்றுப் போகக் கூடாது. முதற் பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும். போக வேண்டும் என்பதற்கும் காரணம் இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. மாதந்தோறும் மணியோடர் வரும், மனிதன் வரமாட்டான். பிள்ளை தந்தையின் முகத்தைப் படத்தில் பார்த்தே வளரும்.

இதில் நம் மாணவர்கள் அறிய வேண்டிய சட்டநுணுக்கமும் ஒன்றுண்டு. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, சீதனக் காணியை மனைவியின் சொத்தாகவே கொள்கிறது. ஆயினும் அதனை விற்கவோ ஈடுவைக்கவோ அவளுக்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவன் ஈப்போவிலும் காணி உடுவிலிலும் இருந்தால் என்ன செய்வது? ஒரு தங்கையின் கலியாணத்துக்குக் கைகொடுக்க நினைத்த பெண், தன் சொந்த நிலத்துக்காகவே கடலுக்கு அப்பாலிருந்து கடதாசி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனித்து நின்ற மனைவி பொறுப்பு முழுவதையும் தாங்கினாள். அதிகாரம் முழுவதும் அவள் கையில் இருக்கவில்லை.

போகத் துணிந்தவளின் பயணமும் எளிதன்று. காங்கேசன்துறை வரையான றெயில் பாதை 1905ஆம் ஆண்டிலேதான் நிறைவுற்றது. அதன் பிறகு கொழும்புக்கு றெயிலிலும், அங்கிருந்து பினாங்குக்குக் கப்பலிலும் செல்வது வழக்கமாயிற்று. கிராமத்துக் கோயில் வீதிக்கு அப்பால் அதிகம் சென்றறியாத பெண் நாட்கணக்காகக் கடலையும் வானத்தையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் வறுத்த மிளகாய்த்தூளும், அரிசிமாவும், ஒடியலும், பனங்கட்டியும் இருந்தன. பக்கத்தில் இருந்த கணவனோ, சில வாரங்களுக்கு முன்புதான் அவளுக்கு அறிமுகமானவன்.

அங்கே கிடைத்தது அரசாங்க விடுதி. பெரிய நகரமானால் பேச்சுத் துணை உண்டு. கோலாலம்பூரில் பிறிக்பீல்ட்ஸ், செந்தூல் ஆகிய இடங்களில் றெயில்வே உத்தியோகத்தரின் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்ந்தன. நல்லூர்க் கந்தனை நினைந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் இன்றும் விளங்குகின்றது. ஆனால் கணவன் காட்டோரத்துச் சிறு நிலையமொன்றுக்கு மாற்றப்பட்டால், நாளுக்குச் சில றெயில்களின் ஓசையே அவளுக்குத் துணை. கடைக்காரர் சீனர், அயலவர் மலாய்க்காரர். அவள் மலாய் மொழியைப் புத்தகத்திலன்றிச் சந்தையிலேயே கற்றாள். விடுதியின் பின்புறம் முருங்கைத் தடியை ஊன்றினாள். அது தழைத்துக் காய்க்கும் வேளையில் அடுத்த மாற்றம் வந்தது.

பிள்ளைகள் வளர்ந்தபோது பழைய வினா புது உருவில் திரும்பிற்று. தமிழும் சமயமும் கற்கவேண்டும் என்று மகனையோ மகளையோ யாழ்ப்பாணத்துக் கல்லூரி விடுதியில் விட்டவர் பலர். கணவனைப் பிரியாதிருக்கக் கடல் கடந்தவள், பிள்ளையைப் பிரிந்து நின்றாள். இதற்கு எந்த அரசாங்கமும் படி கொடுப்பதில்லை.

பின்பு போர் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கினர். 1942 பெப்ரவரி 15ஆந் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. தபாலும் மணியோடரும் நின்றன. யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவிக்குக் கணவன் உயிரோடிருக்கிறானா என்பது தெரியாது. மலாயாவில் இருந்த தாய்க்கு விடுதியில் விட்ட பிள்ளை உண்டதா என்பது தெரியாது. அங்கே அரிசி அருகி, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. மூன்றரை ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. "போவதா, நிற்பதா" என்று திண்ணையில் பேசி முடித்த பேச்சு, உயிரோடு விளையாடும் பேச்சாகுமென்று அன்று யார் அறிந்தார்?

அக்காலத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணி படையை அமைத்தபோது, மலாயாவில் வளர்ந்த நம் பெண்களும் அதிற் சேர்ந்தனர். ஈப்போவிற் பிறந்த இராசம்மா நவரத்தினம் அவர்களுள் ஒருவர். பின்னாளில் இராசம்மா பூபாலன் என்று அறியப்பட்ட அவர், ஆசிரியையாகப் பணிபுரிந்து, ஆசிரியைகளுக்கும் ஆசிரியர்களுக்கு நிகரான ஊதியம் வேண்டும் என்று போராடியவர். கணவன் கையைப் பற்றிக் கப்பலேறிய தலைமுறையின் புதல்வியர், தம் கால்களிலேயே அணிவகுத்து நடந்தனர்.

போருக்குப் பின் பலர் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பினர். "மலாயன் பென்சனியர்" என்ற பெயர் ஊர்தோறும் ஒலித்தது. அவருடன் திரும்பிய மனைவிக்கு அப்படி ஒரு பெயரும் இல்லை, ஓய்வும் இல்லை. சிலர் 1957இல் விடுதலை பெற்ற மலாயாவையே தாய்நாடாகக் கொண்டு அங்கேயே நிலைத்தனர்.

இன்று நம் பெண்கள் செல்லும் திசை வேறு. கப்பலுக்குப் பதில் விமானம். தைப்பிங்குக்குப் பதில் தொறொன்ரோ, இலண்டன், பாரிஸ். மணமான மறுவாரம் கணவன் பறந்துவிட, விசாவுக்காகக் காத்திருக்கும் மணப்பெண் நம் ஊர்களில் இருக்கவே செய்கிறாள். வாழ்க்கைத்துணையாகச் செல்வோர் முன்னதாகவே மொழித்தேர்வில் தேறவேண்டும் என்ற விதியை ஜெர்மனி 2007இலும் பிரித்தானியா 2010இலும் கொண்டுவந்தன. சந்தையிற் கற்ற காலம் போய், பரீட்சை எழுதிக் கற்கும் காலம் வந்திருக்கிறது.

ஆகவே பெண்ணைப் பெற்றோருக்கு நாம் சொல்ல விரும்புவது சில உண்டு. மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்கும்போதே, பெண் எப்போது போவாள், எங்கே வாழ்வாள், அவளுடைய படிப்பு என்னவாகும் என்பவற்றையும் கேளுங்கள். சீதனக் காணியின் உறுதிகளையும் வேண்டிய சம்மதப் பத்திரங்களையும் கணவன் ஊரில் இருக்கும்போதே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். காத்திருக்கும் மாதங்களை வீணாக்காமல் அவள் மொழியொன்றையும் தொழிலொன்றையும் கற்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, போவதா நிற்பதா என்னும் பேச்சு நடக்கும்போது அவளை அடுக்களைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் மலாயாவில் வாழ்ந்த பாட்டியொருவரின் பழைய பெட்டி இருக்கக்கூடும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பாருங்கள். கடிதமோ படமோ கிடைத்தால், அதன் பின்புறத்தில் அவருடைய பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். தாத்தாவின் பெயர் அரசாங்க ஏட்டில் இருக்கும். பாட்டியின் பெயரை எழுத நாம்தான் இருக்கிறோம்.